கடைக்கு மென்பொருள் போட முதல் ஒரு கொப்பி வாங்குங்கள்

எங்கள் கடை களுவாஞ்சிகுடியில், பிரதான வீதியோரம் இருக்கிறது. முன்பக்கம் ஹார்ட்வெயார்: சீமெந்து, கம்பி, பைப், பெயின்ற், வயர். பின்பக்கம் விவசாயச் சாமான்: பசளை, களைநாசினி, விதைநெல், மருந்தடிக்கும் டாங்கி. அப்பா 30 வருடத்துக்கு மேலாக நடத்திய கடை. அவருக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த பிறகு பொறுப்பு என் கைக்கு வந்தது. அதற்கு முதல் மட்டக்களப்பு டவுனில் ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். வரவு செலவு எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு கடையின் முழு நிர்வாகத்தையும் மென்பொருளுக்குள் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லித்தர எங்கள் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. விற்க வருகிறவர்கள் நல்லதை மட்டும் சொல்வார்கள். வாங்கிப் பட்டவர்கள் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எங்களைப் போலப் பட்ட முதலாளிமார் இருக்கிறார்கள் என்பது எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிய வந்தது. முதலே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் என்று நான் அழுத இரவுகள் உண்டு. அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மாற வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அதோடு, பதிவு செய்ய வேண்டிய எல்லையும் வருட விற்பனை 8 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. எங்கள் விற்பனை அந்தக் கோட்டுக்குக் கிட்ட நின்றது. இனிக் கையால் பில் எழுதிச் சமாளிக்க ஏலாது, எந்தச் சாமான் எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்கு விற்றது என்று ஆண்டுக் கடைசியில் காட்டத் தெரிய வேண்டும் என்று எங்கள் கணக்காய்வாளர் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய பயம் எனக்குள் இருந்தது. யாருக்கு எவ்வளவு கடன், எவருக்கு எந்த விலை, எந்தச் சாமான் ஸ்டோர்ஸில் எந்த மூலையில் என்பதெல்லாம் அப்பாவின் ஞாபகத்தில்தான் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பெரிய கொந்தறாத்துக்காரர் ஒருவர் வந்து "ஐயா எனக்குப் போடுற விலை" என்று கேட்டபோது, அந்த விலை என்னவென்று தெரியாமல் நின்றேன்.

கொழும்பிலிருந்து ஒரு கொம்பனிக்காரர் இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்தார்கள். திரையில் பிஸ்கட் பக்கெட், சோடாப் போத்தல், சவர்க்காரக் கட்டி. பார்கோட்டைக் காட்டியதும் சத்தம் வந்தது, பில் வந்து விழுந்தது. ஒரு பட்டனில் அன்றைய இலாபம் படமாக விரிந்தது. அப்பாவே பார்த்துச் சந்தோஷப்பட்டார். விலை 5 இலட்சத்து 50 ஆயிரம். 3 இலட்சம் முற்பணம், மிச்சம் தொடங்கும் அன்று. "உங்கட மாதிரி எத்தனையோ கடைக்குப் போட்டிருக்கம், எல்லாம் ரெடியா இருக்கு" என்றார்கள். எங்களுடைய மாதிரிக் கடை என்று எதை நினைத்தார்கள் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் டெமோ காட்ட வந்தாலும் அவர்களுடைய சாமானை வைத்துக் காட்ட விடாதீர்கள். உங்கள் கடையில் மிகவும் அடிபட்ட ஒரு நாளின் பில்களை எடுத்து மேசையில் வையுங்கள். எங்கள் கடையென்றால் இப்படி: 50 கிலோ யூரியா மூடையை உடைத்து 7 கிலோ கொடுத்தது. 100 மீற்றர் வயர் ரோலில் 13 யார் நீளம் வெட்டிக் கொடுத்தது. மேசன் கொண்டுபோன பைப்பில் மூன்றைத் திருப்பிக் கொண்டுவந்து, அதற்குப் பதிலாக எல்போவும் சொலூஷனும் எடுத்தது. ஒரே பில்லுக்குக் கொஞ்சம் காசு, கொஞ்சம் செக், மிச்சம் கடன். படுவான்கரை விவசாயி ஒருவர் நெல் மூடை கொண்டுவந்து அன்றைய விலைக்குக் கடனில் கழித்தது. இவற்றை உங்கள் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். "அதைப் பிறகு செய்து தரலாம்" என்று எதற்குச் சொல்கிறார்களோ அதை அந்த இடத்திலேயே எழுதி, எப்போது, என்ன விலைக்கு என்று கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்குப் "பிறகு" என்று சொன்ன தமிழ் பில்லுக்கு மட்டும் பின்னர் 90 ஆயிரம் தனியாகக் கேட்டார்கள். சூட்டால் பில் அச்சடிக்கும் சின்னத் தேர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளே இருப்பதில்லை, பில்லைப் படமாக மாற்றித்தான் அச்சடிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதுவரை எங்கள் பில்லில் சாமானின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வந்தன.

சாமான் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு இரண்டு பிள்ளைகளைத் தற்காலிகமாக எடுத்தேன். சம்பளத்துக்கு மட்டும் 1 இலட்சத்து 20 ஆயிரம் போனது. அவர்கள் கெட்டிக்காரர்கள், குறை அவர்களில் இல்லை. ஒரே சாமானுக்கு எங்கள் கடையில் மூன்று பெயர் இருந்ததுதான் பிரச்சினை. வழங்குநரின் விலைச்சிட்டையில் ஒரு பெயர், ஸ்டோர்ஸ்காரர் சொல்வது ஒன்று, வாடிக்கையாளர் கேட்பது இன்னொன்று. மூன்றும் மூன்று சாமானாக ஏறின. அலகு அதைவிட மோசம். பசளை மூடையாக வருகிறது, மூடையாகவும் போகிறது, கிலோவாகவும் போகிறது. ஆரம்ப இருப்பில் 20 என்று போட்டது மூடையை நினைத்து. மென்பொருளில் அந்தச் சாமானின் அலகு கிலோ. முதல் நாளே 25 கிலோ விற்றதும் இருப்பு சைபருக்குக் கீழே 5 என்று காட்டியது, கண்ணுக்கு முன்னால் மூடைகள் அடுக்கியிருக்க. கம்பியும் அப்படித்தான். எங்களுக்குத் தொன் கணக்கில் வரும், நாங்கள் எண்ணிக் கொடுப்போம். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 6 மீற்றர் ஒன்று கிட்டத்தட்ட 5.33 கிலோ, ஆகவே ஒரு தொன்னில் 187 அல்லது 188 கம்பி வர வேண்டும். ஆனால் கம்பி எல்லாம் ஒரே நிறையில் வருவதில்லை. லொறியால் இறக்கும்போது எண்ணி, நிறையையும் எண்ணிக்கையையும் இரண்டையும் பதிய வழியிருக்க வேண்டும். அந்த மென்பொருளில் ஒன்றைத்தான் பதியலாம். மாதக் கடைசியில் கம்பியில் இருப்பு உதைத்தபோது, ஸ்டோர்ஸில் பல வருடமாக வேலை செய்யும் அண்ணனைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் சாப்பாட்டுக்குக் கடைக்குள் வராமல் வீட்டுக்குப் போனார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

கடன்காரர் பட்டியலுக்கு வருவோம். அப்பாவின் கடன் கொப்பியை நான் முன்பே எக்செலில் அடித்து வைத்திருந்தேன், பாமினி எழுத்துருவில். எங்கள் பக்கத்தில் பழைய ஆவணங்கள் நிறைய அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதை அப்படியே மென்பொருளுக்குள் ஏற்றியபோது பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டின. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும் என்று கொம்பனிக்காரருக்கே தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் அதுவரை தமிழ்த் தரவைத் தொட்டதில்லை. மாற்றிய பிறகும் நிம்மதி வரவில்லை. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் எங்கள் கொப்பியில் பலர். அப்பா அவர்களை ஊரையும் வட்டையையும் (வயல்வெளியையும்) வைத்துப் பிரித்து வைத்திருந்தார்: மண்டூர்க்காரர், வெல்லாவெளிக்காரர், இன்ன வட்டையில் செய்கிறவர், இன்னாருடைய மருமகன். மென்பொருள் அவர்களில் சிலரை ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது. ஒருவருடைய கடன் மற்றவரின் தலையில் ஏறியது. நீங்கள் ஏற்றுவதற்கு முதல், ஒவ்வொரு கடன்காரருக்கும் ஊர், போன் இலக்கம், முடிந்தால் அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். நிலுவையை அவர்களிடமே வாசித்துக் காட்டிச் சரி என்று வாங்கிய பிறகு ஏற்றுங்கள். இந்த வேலைக்கு மாதக்கணக்கில் எடுக்கும். எடுக்கட்டும்.

தொடங்கிய காலமும் எங்களுக்கு எதிராக நின்றது. கொம்பனியின் ஆட்களுக்கு ஒக்டோபர் கடைசியில்தான் வர நேரம் கிடைத்தது. ஒக்டோபர் கடைசி என்றால் பெரும்போக விதைப்பு. காலையில் கதவு திறக்கும்போதே உழவு மெசின் பெட்டியோடு நாலைந்து பேர் வாசலில் நிற்பார்கள். மழை வேறு தொடங்கிவிட்டது. கறண்ட் போனால் இணையம் போகும், இணையம் போனால் பில் வராது. அந்த மென்பொருள் முழுக்க இணையத்தில் ஓடுவது, இணையம் இல்லாமல் பில் போட வழி இல்லை என்பதை அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அறிந்தோம். சேறு காயாத காலோடு நின்றவர்கள் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் இருப்பது என்ன வேதனை என்று வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பிறகு வாசித்தபோது, இது உலகத்தின் பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருப்பதை அறிந்தேன். அமெரிக்காவின் ஹெர்ஷி சொக்லட் நிறுவனம் 1999 யூலையில் புதிய நிர்வாக மென்பொருளுக்கு மாறியது. அவர்களுக்கு ஆண்டின் பெரிய விற்பனை ஒக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு. களஞ்சியத்தில் சொக்லட் இருந்தும், 10 கோடி டொலர் பெறுமதியான ஓடர்களை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் போனது. அவ்வளவு பணமும் ஆளும் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. ஆகவே உங்கள் கடைக்கு எது கூட்ட நாள், எது சும்மா இருக்கிற நாள் என்று முதலில் குறியுங்கள். விவசாயச் சாமான் கடையென்றால் சிறுபோகப் பசளை விற்று முடிந்து நெல் வெட்டுத் தொடங்காத யூன், யூலை நல்லது. துணிக்கடைக்குச் சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பெருநாள் மூன்றுக்கும் முன்னால் தொடவே கூடாது. கணக்காண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, அன்றைக்கே மாறினால் வசதி என்று சொல்வார்கள். கணக்காளருக்கு வசதிதான். அந்த நேரம் உங்கள் கடைக்கும் வசதியா என்று பாருங்கள். கொம்பனிக்கு ஆள் கிடைக்கிற திகதிக்கு ஒருபோதும் இணங்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களை முறித்தது. டிசம்பர் மாதம், அடைமழை. வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பட்டிருப்புப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். அப்பாவிடம் நான் பிறக்க முதலே பசளை எடுக்கிறவர். மழைக் கோட்டைக் கழற்றாமலே கல்லாவுக்கு வந்து, ஷொப்பிங் பையில் சுற்றிய காசுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். காசோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டும் வந்துவிட்டது. அடகு வைத்த ரசீது. அதை அவர் அவசரமாக இழுத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "மகள், உங்கட அப்பாக்கிட்ட நான் ஒரு நாளும் காசு வைச்சிட்டுப் போனதில்ல. வெட்டு முடிஞ்சா நானே கொண்டு வருவன் என்டு அவருக்குத் தெரியும். போனில இப்படி அனுப்பலாமா? பேரன்தான் வாசிச்சுச் சொன்னான்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் கடையின் பெயரில், ஆங்கிலத்தில், உங்கள் நிலுவை 30 நாட்களைக் கடந்துவிட்டது, உடனடியாகச் செலுத்தவும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு எஸ்.எம்.எஸ். நான் அனுப்பவில்லை. கடையில் ஒருவரும் அனுப்பவில்லை. மென்பொருள் தானாக அனுப்பியிருக்கிறது, கொப்பியில் இருந்த விவசாயிகள் அத்தனை பேருக்கும்.

உள்ளேயிருந்த அப்பா எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் பேசவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தோம், அவர் எடுக்க மறுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அப்பா பார்வை சரியாகத் தெரியாத கண்ணோடு அவருடைய வீட்டுக்குப் போய், நகையை மீட்கச் சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் போகம் அவர் எங்களிடம் ஒரு மூடை பசளைகூட எடுக்கவில்லை. அவரைப் பார்த்து அந்த வட்டையில் இன்னும் சிலரும் எடுக்கவில்லை. அப்பா என்னை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் பழைய கடன் கொப்பியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

எங்கள் பக்கத்தில் விவசாயக் கடன் மாதக் கணக்கில் ஓடுவதில்லை, போகக் கணக்கில் ஓடுகிறது. ஒக்டோபர், நவம்பரில் எடுத்தது பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெட்டு முடிந்து வரும். சிறுபோகக் கடன் ஓகஸ்ட், செப்டெம்பரில் வரும். வெள்ளம் வந்தால் ஒரு போகம் தள்ளியும் போகும். மென்பொருளைச் செய்தவருக்கு இது தெரிய நியாயமில்லை. அவர் எல்லாருக்கும் 30 நாள் என்று வைத்திருக்கிறார், தவணை கடந்தால் செய்தி போக வேண்டும் என்றும் வைத்திருக்கிறார். ஆகவே வாங்க முதல் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இந்த மென்பொருள் என்னைக் கேட்காமல் தானாகச் செய்கிற வேலைகள் என்னென்ன? செய்தி அனுப்புவது, வட்டி போடுவது, விலையை மாற்றுவது, கடன் எல்லை தாண்டினால் பில்லை மறிப்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தொடங்கும்போது அத்தனையையும் நிறுத்தி வைத்து, தேவையானதை ஒவ்வொன்றாகத் திறவுங்கள். கடன் தவணையை ஆளுக்கு ஆள் வேறாகவும், திகதியாகவும் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், விவசாயிக்குக் கடன் கொடுக்கும் கடைக்கு அது உதவாது.

செக் விடயத்திலும் ஒரு அடி விழுந்தது. கொந்தறாத்துக்காரர்கள் இரண்டு மூன்று மாதம் தள்ளித் திகதியிட்ட செக் தருவார்கள், நாங்களும் வழங்குநருக்கு அப்படித்தான் கொடுப்போம். அந்த மென்பொருள் செக்கை வாங்கிப் பதிந்த உடனேயே காசு வந்ததாகக் கணக்கு வைத்தது. திரையில் வங்கி மீதி நிறைந்து நிற்கும், வங்கியில் இருக்காது. அதை நம்பி எழுதிய எங்கள் செக் ஒன்று திரும்பியது. 30 வருடத்தில் அப்பாவின் கையெழுத்துப் போட்ட செக் திரும்பியது அதுதான் முதல் தடவை. கையில் இருக்கும் செக், வங்கியில் போட்ட செக், காசான செக், திரும்பிய செக் என்று நான்கையும் வேறு வேறாகக் காட்டாத மென்பொருளை இலங்கையில் வியாபாரம் செய்கிறவர் எடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

ஜனவரியில் நிறுத்தினோம். கணக்கைச் சொல்கிறேன். மென்பொருளுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம், இரண்டு கணினி, பிரிண்டர், ஸ்கேனர், யூ.பி.எஸ். எல்லாமாக 3 இலட்சத்து 90 ஆயிரம், பதிந்த பிள்ளைகளின் சம்பளம் 1 இலட்சத்து 20 ஆயிரம், தமிழ் பில்லுக்கு 90 ஆயிரம். மொத்தம் 11 இலட்சத்து 50 ஆயிரம். கணினியும் பிரிண்டரும் இன்றும் உழைக்கின்றன. மற்ற 7 இலட்சத்து 60 ஆயிரமும் போனது போனதுதான். அந்தப் போகம் கைவிட்டுப் போன வியாபாரத்தை இதில் சேர்க்கவில்லை, அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்றும் எனக்கு விளங்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்டபோது, உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி போதாது என்று எழுதி அனுப்பினார்கள். ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு காசு என்று அதில் இல்லை. நாங்கள் பதிந்த தரவு அவர்களுடைய சேர்வரில், பி.டி.எஃப். ஆக மட்டும் எடுக்கலாம், எக்செலாக எடுக்கத் தனிக் கட்டணம். உங்கள் தரவு உங்களுடையது, எப்போது கேட்டாலும் எக்செலாக இலவசமாகத் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் போடாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காசை நான்காகப் பிரியுங்கள். கடைசிப் பங்கை, ஒரு முழு மாதக் கணக்கு மென்பொருளிலும் கையிலும் ஒரே தொகையாக வந்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, ரூபாயிலா டொலரிலா என்றும் கேளுங்கள். 2022இல் டொலர் எங்கே போனது என்று நாங்கள் எல்லாரும் கண்டவர்கள்தானே.

பிறகு எழுத ஒரு பெரிய கொப்பி வாங்கினேன். வெட்டு முடிந்து கடை ஓய்ந்த நேரம், பின்னேரங்களில் அப்பாவையும் ஸ்டோர்ஸ் அண்ணனையும் கல்லாவில் இருக்கும் தங்கச்சியையும் இருத்தி, கடை எப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். சாமான் லொறியால் இறங்குவதிலிருந்து, யார் எண்ணுகிறார், யார் விலை வைக்கிறார், விலைக் கழிவு கொடுக்க யாருக்கு அதிகாரம், திரும்பி வந்த சாமான் எங்கே போகிறது, உடைந்த மூடையில் சிந்திய பசளையை யார் கணக்கில் எழுதுகிறார் என்பது வரை. நான் முதலாளியின் மகள், எனக்கே தெரியாத எவ்வளவோ வெளியில் வந்தன. ஸ்டோர்ஸ் அண்ணன் சீமெந்து மூடைகளில் பழையதை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் அடுக்குவார், கட்டியாகாமல் இருக்க. மருந்துப் போத்தலில் காலாவதித் திகதி பார்த்துத் தனி ராக்கையில் வைப்பார். அவருக்கு இருந்த அந்த ஒழுங்கு, 5 இலட்சம் கொடுத்த மென்பொருளில் இருக்கவில்லை. அவரிடம் முதலே கேட்டிருக்க வேண்டிய ஆட்கள் அந்தக் கொம்பனிக்காரர்கள். கடைக்கு வந்த இரண்டு நாளும் அவர்கள் ஸ்டோர்ஸுக்குள் கால் வைக்கவே இல்லை.

அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு, எதில் நாங்கள் மாறலாம், எதில் மாற ஏலாது என்று பிரித்தேன். இது முக்கியம். எல்லாவற்றையும் எங்கள் பழக்கப்படியே செய்து தா என்று கேட்டாலும் காசு கரையும். ஜேர்மனியின் லிடில் கடைத்தொகுதி சுமார் 50 கோடி யூரோ செலவழித்த மென்பொருள் திட்டத்தை 2018இல் கைவிட்டது. செய்திகளில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவர்கள் இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடும் வழக்கம், மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடுவது, வழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை வளைத்தது. எங்களுக்கு மாற ஏலாதவை மூன்றுதான்: போகக் கடன், உடைத்து விற்கும் அலகு, தள்ளித் திகதியிட்ட செக். சாமானுக்கு மூன்று பெயர் வைப்பது, ஆளுக்கொரு கழிவு, துண்டில் எழுதிப் பிறகு பதிவது எல்லாம் நாங்கள் விட வேண்டியவை. விட்டோம். சண்டை வந்தது, ஆனாலும் விட்டோம்.

இரண்டாவது மென்பொருளைத் தேடியபோது வந்தவர்களுக்கு முதலில் அந்தக் கொப்பியைத்தான் கொடுத்தேன். சிலர் பிரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அதுவும் நல்லதுதான், காசு கொடுக்க முதலே தெரிந்துவிட்டது. மட்டக்களப்பிலேயே இருக்கும் ஒரு சிறிய குழு வாசித்துவிட்டுக் கேள்வியோடு வந்தது. அவர்கள் ஏற்கெனவே போட்டுக் கொடுத்த ஒரு கடைக்கு நானே போய், முதலாளி இல்லாத நேரம் பார்த்துக் கல்லாவில் இருக்கிற பிள்ளையிடம் கேட்டேன். விற்கிறவரோ முதலாளியோ சொல்லாததை அந்தப் பிள்ளை சொல்லும். இந்த மென்பொருள் கடைக் கணினியிலேயே ஓடுகிறது, இணையம் வரும்போது பிரதி மேலே போகிறது. யூ.பி.எஸ். பற்றரியைப் பிரிண்டரோடு சேர்த்துக் கணக்குப் பார்த்து வாங்கினோம், கணினிக்கு மட்டும் பார்த்தால் பில் பாதியில் நிற்கும். ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி வெளி டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். எங்கள் பக்கம் வெள்ளம் வருகிற ஊர், டிஸ்க்கைக் கடைக்குள் வைத்துப் பயனில்லை. அதோடு, எடுத்த பிரதியை மாதம் ஒரு தடவை வேறு கணினியில் திறந்து பார்க்கிறேன். திறக்காத பிரதியை நம்பக் கூடாது.

யூலையில் ஒரே ஒரு பகுதியில் தொடங்கினோம், பெயின்ற். அதில் அலகுச் சிக்கல் குறைவு. பில் கணினியிலும் கையிலும் இரண்டிலும். பின்னேரம் கடை பூட்ட முதல் இரண்டையும் ஒப்பிடுவோம். தங்கச்சிக்கு முதலில் பயம், பிழை விட்டால் ஏசுவார்களோ என்று. பிழை வந்தால் எழுதி வை, அழிக்காதே, அதற்குச் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் உண்மையான பிழைகள் வெளியில் வந்தன. விலை மாற்றும் அதிகாரம் இரண்டு பேருக்கு மட்டும், போட்ட பில்லை அழிக்கும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லை, திருப்பல் பில்தான் போட வேண்டும். பெயின்ற் பகுதியில் எண்ணிய இருப்பும் திரையில் உள்ள இருப்பும் ஒத்த பிறகு வயர், பிறகு பைப், பிறகு கம்பி. பசளையையும் விவசாயக் கடனையும் கடைசியாக வைத்திருக்கிறோம். ஏறாவூரில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் தன் கடைக்கும் இதையே உடனே போடச் சொல்கிறார். அவருடையது புடவைக்கடை. ஒரு கொப்பியை வாங்கி முதலில் எழுதுங்கள் மாமா, எழுதி முடிந்ததும் நான் வந்து பார்க்கிறேன், அதுவரை ஒருவருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.